கறுப்பு வண்டியின் இன்ஜின்

விபத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கையே தொடாதிருந்த கணவனை, மனைவிதான் பழைய கார் விற்கும் இடத்துக்கு இழுத்துவந்தாள். அங்கே இரண்டு ஸ்போர்ட்ஸ் செடான்கள் நின்றன. வெள்ளை நாலு சிலிண்டர், அதிகம் ஓடாதது. கறுப்பு ஆறு சிலிண்டர், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியது.

"சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க," என்று தரகர் கறுப்பின் சாவியை நீட்டினார்.

வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கணவன் பயம் மறந்து வாய்விட்டுச் சிரித்தான். "இன்ஜின் என்னமா பேசுது, கேட்டியா!"

திரும்பி வந்ததும் தரகர் பெருமையாகப் பானெட்டைத் திறந்தார். உள்ளே இன்ஜின் இல்லை. துடைத்துவிட்டாற்போன்ற வெறும் இடத்தில் ஒரு கூடு இருந்தது. அடைகாத்துக்கொண்டிருந்த குருவி அவர்களை நிமிர்ந்து பார்த்தது.

"காலையில இருந்துச்சே..." தரகர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

மனைவி சத்தமில்லாமல் பானெட்டை மூடினாள். "இதையே எடுத்துக்கலாங்க. மெதுவா ஓட்டுங்க."

கணவன் சாவியைத் திருப்பினான். ஆறு சிலிண்டரும் ஒரே குரலாய் உறுமின. தரகர் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்.