மிளகுப் பாயில் மழை

ஜெஸீமாவின் மடியில் பாடப்புத்தகம் விரிந்து கிடக்கிறது. பாடத்தில் வரும் குடும்பம் மழையைக் கண்டதும் முற்றத்துக்கு ஓடுகிறது. தாய் சிரிக்கிறாள், பிள்ளைகள் காகிதக் கப்பல் விடுகிறார்கள். இதை வாசித்ததும் மனதில் பட்டதை எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டீச்சர். 'மழை வந்தால் எங்கள் வீட்டிலும்' என்று எழுதிவிட்டு அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரத்தோட்டைப் பக்கத்து மலை கறுத்து, தகரக் கூரையில் சடசடவென்று விழுகிறது மழை.

"யா அல்லாஹ், மிளகு! ஓடி வா புள்ள, பாயப் புடி!" முற்றத்திலிருந்து உம்மா கத்துகிறாள். இந்தப் போகத்து மிளகு முழுவதும் அங்கேதான் காய்கிறது. பாடத்து வீட்டார் முற்றத்தில் எதையுமே காயப்போடுவதில்லையா? முதல் பாய் உள்ளே வந்துவிடுகிறது. அடுத்ததைத் தூக்கும்போது ஓரம் மடிந்து, மிளகெல்லாம் கொட்டி, கலங்கல் நீரோடு வேலியைத் தாண்டி ஓடுகிறது. உம்மா அதைப் பார்த்தபடி நிற்கிறாள். பிறகு, வற்றிக் கிடக்கும் கிணற்றடியில் கவிழ்த்திருந்த குடத்தை எடுத்து வந்து கூரைத் தண்ணீருக்கு நேரே வைக்கிறாள். குடத்துக்குள் தண்ணீர் விழும் ஓசை கேட்டதும் முகத்தை வானத்துக்குக் கொடுத்துக் கண்களை மூடிக்கொள்கிறாள். தோள்கள் குலுங்குகின்றன.

"உம்மா, அழுவுறீங்களா, சிரிக்கிறீங்களா?"

"தெரியல்ல புள்ள. நீ போய் மத்தக் குடத்தக் கொண்டா."