சகலையின் மீன்கள்

பூங்கொத்தை என் சகலையின் கையில் கொடுத்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது என் மனைவிதான்.

எனக்கு வயிறு எரிந்தது.

அவன் அவளுடைய தங்கை கணவன். இந்தக் கார் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான். வந்த வேகத்தில் கழிவுநீர்ப் பிரிவுக்கு சூப்பர்வைசர் ஆகிவிட்டான். நான் அதே பிரிவில் இன்னும் பம்ப் ஆபரேட்டர்.

பெயின்ட் ஷாப்பிலிருந்து வரும் அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்து வெளியே விடுவது எங்கள் வேலை. வெளியே போகும் முன் அந்தத் தண்ணீர் ஒரு கண்ணாடித் தொட்டிக்கு வரும். தொட்டியில் பத்து மீன்கள். தண்ணீர் சுத்தம் என்று மெஷின் சொன்னால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள், மீன் உயிரோடு இருந்தால் நம்புவார்கள் என்பது சகலையின் யோசனை. தினமும் எட்டு மணிக்கு வந்ததும் எண்ணிப் பார்த்துப் பலகையில் எழுதுவான். மீன்கள் பத்து, நலம்.

ஆறு வருடமாக நலம்.

அதற்குத்தான் இன்றைக்கு விருது. சமூகத்தின் மீதும் சுற்றுச்சூழல் மீதும் பொறுப்புள்ள தொழிற்சாலையாம். தொட்டிக்குப் பக்கத்திலேயே மேடை போட்டுக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். சகலை புதுச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றான். நான் எண்ணெய்க் கறை படிந்த சீருடையில் ஓரமாக நின்றேன்.

விருதுக் குழுவிலிருந்து வந்த அம்மாள் குனிந்து தொட்டியைப் பார்த்தார். ஆறு வருடமாகியும் இதெல்லாம் ஏன் விரல் நீளம்கூடத் தாண்டவில்லை என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

இந்த வகை இவ்வளவுதான் வளரும் என்றான் சகலை, ரொம்பத் தெரிந்தவன் போல. பெற்ற பிள்ளை மாதிரி வளர்க்கிறான் என்று மேனேஜர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். என் மனைவி தன் தங்கையின் காதில் ஏதோ சொல்லிப் பூரித்துப் போனாள்.

பெற்ற பிள்ளை மாதிரியாம்! இத்தனை வருடமாக அவனுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்து, முழங்கை வரை தண்ணீரில் கையை விட்டுப் பாடுபட்டவன் இங்கே மரம் மாதிரி நிற்கிறேன். ஒரு ஈ காக்கை திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன்.

"அவனுக்கு மீனைப் பத்தி என்னங்க தெரியும்? தினம் காலையில செத்து மிதக்கறத அள்ளிட்டு, அதே அளவுல அதே நிறத்துல புதுசு வாங்கிப் போடறது நானாக்கும்!"

சொல்லி முடித்துவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன்.

முதல் தடவை அவனுக்காகத்தான் செய்தேன். புதிதாகச் சேர்ந்தவன், வேலை போய்விடக் கூடாதே என்று. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவனிடம் நான் மூச்சு விட்டதில்லை.

மேனேஜர் பேயறைந்தவர் மாதிரி நின்றார். சகலை என் மேல் பாய்வான் என்று நினைத்தேன். அவன் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் குளம். தொட்டித் தண்ணீர் போய் விழுவது அதில்தான். தன் இரண்டு பெண்களுக்கும் அவன் ஞாயிறுதோறும் அங்கேதான் நீச்சல் பழக்குகிறான். போகிற வழியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, மீன் வாழ்கிற தண்ணீர், பயமே வேண்டாம் என்று என் மகளையும் கூப்பிடுவான். இப்போது அவன் மெல்ல என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, பாப்பாவ நீங்க ஒரு நாள்கூட அனுப்பலையே?"

ஒவ்வொரு ஞாயிறும் சொல்வது போல, அவளுக்குச் சளி என்று சொல்ல வாயெடுத்தேன்.