ஆத்தா எடுத்துக் கொடுத்த டிக்கெட்

டவர் கிடைக்கிற ஒரே பாறைமேல் ஏறி நின்று காசி போனுக்குள் கத்திக்கொண்டிருந்தான்.

"பேர மாத்திக்கினீங்க, பிளேன வாங்கிக்கினீங்க. டிக்கெட் எடுத்த எங்கள மட்டும் தெரியாதா? இன்னா நாயம்மா இது?"

எதிர்முனைப் பெண் அசரவில்லை. முழுகிப்போன கம்பெனியின் விமானங்களைத்தான் அவர்கள் வாங்கினார்களாம். அது விற்ற டிக்கெட்டுகளுக்குப் பொறுப்பில்லையாம். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

காசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செய்கிற அநியாயத்துக்கு நன்றி ஒரு கேடா?

திங்கட்கிழமை காலை மஸ்கட் ஆஸ்பத்திரியில் அவன் மகள் கல்பனா வேலைக்குச் சேர வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொரு நர்சுக்குப் போய்விடும். இன்று சனி.

டிக்கெட் எடுக்கும் முன்பே கல்பனா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அந்தக் கம்பெனிக்குக் கழுத்துவரை கடன், பைலட்டுக்கே சம்பளம் போடவில்லையாம், பாதி விலைக்குத் தருகிறானே என்று போய் விழாதேப்பா, பெரிய கம்பெனியிலேயே போடு என்றாள். காசிக்கு அந்தப் பாதி விலையில்தான் கண். மூன்று நாள் வாக்குவாதம். கடைசியில் அவன்தான், மலையில் எல்லாரும் செய்கிறபடி, ஆத்தா கோயிலில் பூ கேட்டுவிடலாம் என்றான்.

பெரிய கம்பெனிக்கு வெள்ளரளி. மலிவானதுக்குச் செவ்வரளி. காசியே இரண்டு பொட்டலமாக இலையில் மடித்துக் கட்டி ஆத்தா காலடியில் வைத்தான். பூசாரியின் பேத்தி ஒன்றை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு. கல்பனா மறுபேச்சுப் பேசாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இப்போது பாறையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால், கட்டி வைத்த பெட்டி திறந்து கிடக்கிறது. கல்பனா யூனிபார்மை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"புளி வித்த காசு கீதில்ல? கீழ எறங்கி ஒடுகத்தூர் டவுனுக்குப் போய்ட்டு, பெரிய கம்பெனிலயே நாளைக்கு டிக்கெட் போட்டுர்லாம். கெளம்பு."

"வேணாம்ப்பா. முழுவப்போற கம்பெனின்னு தெரிஞ்சேதான் ஆத்தா அத்த எடுத்துக் குடுத்துகீறா. நான் போறது அவளுக்கு இஷ்டமில்ல. அவள மீறி நான் போவல."

மனைவி பாஞ்சாலையும் ஆமாம் என்று தலையாட்டினாள். ஆத்தாவே தடுத்துவிட்டாள் என்று வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

காசிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஓடிப்போன கம்பெனிக்காரனைத் திட்டினான். வாங்கியவனைத் திட்டினான். நன்றி சொன்னவளைத் திட்டினான். திட்டத் திட்ட ஆத்திரம் கூடியதே தவிர அடங்கவில்லை.

கல்பனா காலிப் பெட்டியை மூடினாள். நான்கு வருடப் படிப்பு அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொன்னால் அவள் கிளம்பிவிடுவாள். அந்த ஒரு வார்த்தைக்குக் காசியின் வாய் திறக்க மறுத்தது.

பாவம், ஆத்தா என்ன செய்வாள். அன்றைக்கு அவன் வெள்ளரளி பறிக்கவே இல்லை.