மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி

வரதட்சணையாக ஸ்கூட்டர் கொடுத்தால் கேஸ் ஆகும். மாப்பிள்ளையே போட்டியில் ஜெயித்து ஓட்டிக்கொண்டு போனால் எந்தப் போலீஸ் வரும்? செஞ்சி கூட்ரோட்டில் கேம் சென்டர் நடத்தும் ராஜாராமுக்கு இந்த யோசனை உதித்தபோது, தன் மூளையை நினைத்துத் தனக்கே பெருமை தாங்கவில்லை.

தலைதீபாவளிக்கு வந்த தங்கை சுமலதா இன்னும் திரும்பிப் போகவில்லை. ஸ்கூட்டரோடு வந்தால்தான் வாசற்படி ஏறலாம் என்று மேல்மலையனூரில் அவள் மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாள். பாவம், பகலெல்லாம் அண்ணன் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்வாள். சாயந்திரமானால் போனோடு ஒரு மூலைக்குப் போய், புருஷன் எழிலரசனிடம் வீடியோ காலில் குசுகுசுவென்று பேசுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ராஜாராம் தனக்குள் சொல்லிக்கொள்வான்: எப்பாடு பட்டாவது இவளைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.

திண்டிவனம் ரோட்டில் புதிதாக ஷோரூம் திறந்திருந்தவரைப் பிடித்தான். "உங்களுக்கு விளம்பரம் சார், ஊரே பேசும்" என்று கரையோ கரை என்று கரைத்து, கேம் போட்டிக்குப் பரிசாக ஒரு ஸ்கூட்டரைக் கறந்துவிட்டான்.

பாக்கி இருந்த ஒரே தொல்லை, அயாஸ்.

அந்த கேமில், அந்தரத்தில் மிதக்கும் மேடை மேல் இரண்டு வீரர்கள் அடித்துக்கொள்வார்கள். எதிராளியை மேடைக்கு வெளியே தள்ளினால் ஜெயம். செல்போன் கடையில் வேலை பார்க்கும் அயாஸ் அதில் ஒரு வித்தை வைத்திருந்தான். குதித்த வேகத்திலேயே தரையைப் பார்த்துச் சாய்வாக விலகும்படி பட்டனை அழுத்துவான். அவ்வளவுதான், அவன் வீரன் காலே அசையாமல் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய், போகிற போக்கிலேயே வெளுத்து வாங்குவான். இந்த வட்டாரத்தில் அவனை ஜெயித்தவர் இல்லை.

"அது கம்பெனி வெச்ச வித்தை இல்லண்ணா. கேம்ல இருந்த ஓட்டை. புது அப்டேட்ல அடைச்சுட்டாங்க" என்றாள் சுமலதா. கல்லாவில் உட்கார்ந்தே அவளுக்கு எல்லாம் அத்துப்படி. "நம்ம மிஷின்ல நெட் இல்ல. அதான் இன்னும் பழசே ஓடுது."

"நெட்டைக் குடுத்து அப்டேட் போட்டா இன்னா ஆவும்?"

"வழுக்காது. எறங்கின எடத்துலயே செத்த நேரம் கல்லு மாதிரி நிப்பான். சும்மா நின்னு வாங்குவான்."

ராஜாராமுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்ப ஃபைனல் அன்னிக்குக் காலைல போட்டுடு. யார்கிட்டயும் மூச்சு வுடாத. மாப்ளைகிட்டக்கூட. அவரு வாய் சும்மா இருக்காது."

"நான் இன்னாத்துக்குண்ணா சொல்லப்போறேன்?" என்றாள் தங்கை.

முதல் சுற்றுகள் முடிந்தன. எழிலரசனும் லேசுப்பட்டவன் இல்லை. அப்பாவின் பூஜை சாமான் கடையில் அமாவாசைக் கூட்டம் வரும் நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் போனில் இதே கேம்தான். எதிர்பார்த்தபடி ஃபைனலுக்கு அவனும் அயாஸும் வந்து நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கால் வைக்க இடமில்லை. வாசலில் ஸ்கூட்டருக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். ராஜாராம் மனதுக்குள் அதை மேல்மலையனூருக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆட்டம் ஆரம்பித்தது. அயாஸ் குதித்தான், பட்டனை அழுத்தினான். அவன் வீரன் வழுக்கவில்லை, மரம் மாதிரி நின்றான். எழிலரசன் விட்ட உதையில் மேடையை விட்டே பறந்தான். கூட்டம் வாயைப் பிளந்தது. ராஜாராம் மீசையைத் தடவிக்கொண்டான்.

அயாஸ் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கை ஒரு தடவை திருப்பிப் பார்த்தான். "சரி, ஓடியே அடிப்போம்" என்றான்.

முன்னால் ஓடுவது போல் போக்குக் காட்டிச் சட்டென்று பின்னால் வெட்டினான். மறுபடி முன்னால், மறுபடி பின்னால். எழிலரசனின் அடியெல்லாம் காற்றில் போனது. ஆனாலும் அவன் அசரவில்லை. கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, குதித்து, அயாஸ் அழுத்தியது போலவே பட்டனை அழுத்தினான்.

வீரன் கல்லாக நின்றான். அயாஸ் வந்து தள்ளிவிட்டான்.

எழிலரசன் மறுபடியும் அதையே செய்தான். பதற்றத்தில் விரல் பழகியதைத்தானே செய்யும்? குதித்தான், நின்றான், வாங்கினான், விழுந்தான்.

"மாப்ள, நடந்து அடிங்க மாப்ள" என்றான் ராஜாராம். அதற்கு மேல் வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆட்டம் முடிந்தது. மாலை போட்ட ஸ்கூட்டரில் அயாஸ் கிளம்பிப் போனான். ஷோரூம்காரர் கைதட்டினார்.

ராஜாராம் மாப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு கல்லா ஓரமாக வந்தான். "அந்த வழுக்கலை உங்களுக்கு எவன் சொல்லிக் குடுத்தான்?"

"உங்க தங்கச்சிதான் மச்சான். போட்டின்னு சொன்ன நாள்லேர்ந்து டெய்லி வீடியோ கால்ல டிரெய்னிங். என் போன்ல கேம் அப்டேட் கேட்டுச்சு, அதக்கூட வேணாம்னு அழுத்தச் சொன்னா. ஃபைனல்ல மட்டும் எடுத்து வுடுங்க, எங்கண்ணன் அசந்துடும்னா."

ராஜாராம் மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தான். தீபாவளிக்குப் பிறகு அவள் முகம் இவ்வளவு பளிச்சென்று இருந்து அவன் பார்த்ததில்லை.

"வண்டி இல்லாம வாசப்படி ஏறாதன்னு அத்தையே சொல்லிட்டாங்களேண்ணா, பெரியவங்க பேச்சை மீறலாமா?" என்றாள் சுமலதா.