மெத்தை ஷூ

"பாரு, மெத்தை மாதிரி அமுங்குது! வெயிட் தூக்க இதான் சரி," என்றார் கணவர், செருப்புக்கடையில் இரண்டு குதி குதித்துக் காட்டி.

மனைவிக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. "அமுங்கினா, பாரம் தூக்கறப்ப கால் ஆடுமே. அடிப்பக்கம் தட்டையா, கெட்டியா இருக்கணுங்க."

"இதோ வந்துட்டா! தினம் ஆபீஸ் விட்டு ஜிம்முக்குப் போறவன் நானா, நீயா? சோபாவை விட்டு அசையாதவ எனக்குப் பாடம் எடுக்கறா!"

கடைக்காரர் தட்டையான ஜோடி ஒன்றை அவள் முன் வைத்தார். "நீங்க கேட்ட சைஸ்மா."

"உனக்கு எதுக்குடி இது?"

"வெயிட் தூக்கத்தான். மூணு மாசமா சாயங்காலம் உங்க ஜிம்முக்குத்தான் போறேன்," என்றபடி நாடாவை இறுக்கிக் கட்டினாள். "அங்கே எல்லார் முகமும் பழகிடுச்சு. உங்க முகத்தைத்தான் ஒரு நாள்கூடப் பார்க்கலை."