காகித அறை

ஆண்டு எண்பத்து நான்கா, ஐந்தா என்பது சரியாக நினைவில்லை. வேறு சிலவும் இடம் மாறியிருக்கலாம். வெயில் மட்டும் நிச்சயம்.

காகித அறையை வெளியிலிருந்து பூட்டும் சத்தம் கேட்டது. முதலில் கம்ப்யூட்டர் அறைப் பக்கத்துக் கதவு. பிறகு பின்தாழ்வாரத்துக் கதவு.

ஆனிமேரி எழுந்திருக்கவில்லை. பூட்டப்போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான்.

வண்டியூருக்குக் கிழக்கே பொட்டலில் எழும்பியிருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில், கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு மட்டும்தான் ஏ.சி. தூசி ஆகாது என்பதால், துணைவேந்தரே வந்தாலும் முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அதை ஒட்டியிருந்த காகித அறைக்கு ஏ.சி. கிடையாது. பிரிண்டர் காகிதப் பெட்டிகளுக்கு நடுவே திரையும் விசைப்பலகையுமாக ஒரு டெர்மினல், ஒரு நாற்காலி. மின்விசிறியைப் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். சத்தம் கேட்டுவிடும்.

தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும் அந்த புரோகிராம் அவள் எழுதியது. ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்ட வேண்டும். மதுரையிலிருந்து எந்த ஊருக்கு எப்போது பஸ் என்று கேட்டால் சொல்லும். வேறு எதைக் கேட்டாலும், ‘கேள்வி புரியவில்லை. பஸ் பற்றிக் கேளுங்கள்’ என்று வரும்.

அந்த வரியில்தான் அவளுக்குப் பெருமை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஓர் இயந்திரத்தைப் பழக்கியிருந்தாள்.

கணிதத் துறைத் தலைவர் முத்திருளனுக்கு அதுதான் குறை.

“புரியலைன்னு சொல்றதுக்காம்மா இம்புட்டுப் பெரிய மிஷினை வாங்கி வச்சிருக்கு?”

எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் என்று அவர் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். அதைப் பார்க்கத்தான் தில்லியிலிருந்து குழு வந்திருந்தது. அவர்கள் சரி என்றால், கணிதத் துறையின் ஒரு மூலையில் கிடக்கும் கம்ப்யூட்டர் தனித் துறையாகும். அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் ஜூன் மாதத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்தி.

அதனால்தான் இந்தப் பூட்டு.

கேட்பவர் தட்டுவது அவள் திரையிலும் விழும். அவள் தட்டும் பதில் அவர்கள் திரையில் இயந்திரத்தின் பதிலாக எழும். ஒரு விசையை அழுத்தினால் போதும், புரோகிராம் தானே பதில் சொல்லத் தொடங்கும். அதை மட்டும் தொடவே கூடாது என்பது முத்திருளனின் உத்தரவு.

குழுவில் ஒருவருக்குத்தான் தமிழ் தெரியும். வயதானவர் என்று இருமலில் தெரிந்தது.

வைகையில் ஏன் தண்ணீர் இல்லை என்று கேட்டார். மேற்கே மழை இல்லை என்று தட்டினாள். மதுரையில் எந்தப் பூ நன்றாக இருக்கும் என்றார். மல்லிகை என்றாள். கதவுக்கு அப்பால் கை தட்டினார்கள்.

வியர்வை விசைகளின் மேல் சொட்டியது. சேலைத் தலைப்பால் ஒற்றினாள். காகித நெடி தொண்டையில் நின்றது. பெட்டிகளின் ஓரங்கள் மங்கி மங்கித் தெரிந்தன. கதவைத் தட்டினால் திறந்துவிடுவார்கள். தட்டினால் எல்லாம் முடிந்தது.

பிறகு வெகுநேரம் எதுவும் வரவில்லை.

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி விழுந்தன.

‘உள்ளே காற்று வருகிறதா?’

முத்திருளன் உரக்கச் சிரிப்பது கேட்டது. அவர் மட்டும்தான் சிரித்தார்.

அவள் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. வரவில்லை. அந்த ஒரு சொல்லைத் தட்டினால் போதும்.

இயந்திரத்தைத்தான் கேட்கிறார். ஏ.சி.யைப் பற்றித்தான் கேட்கிறார். வேறு எப்படி இருக்க முடியும்?

‘கேள்வி புரியவில்லை. பஸ் பற்றிக் கேளுங்கள்’ என்று தட்டினாள்.

கதவுக்கு அப்பால் இருமல்.

‘சரி. மேலூருக்கு அடுத்த பஸ் எப்போது?’

அவள் அந்த விசையை அழுத்தினாள். கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பதில் தானாக எழுந்தது. அன்று இயந்திரம் சொன்ன ஒரே பதில் அதுதான்.

இந்த முறை யாரும் கை தட்டவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. பேச்சுக்குரல்கள் முன்வாசலுக்குப் போயின. சிறிது நேரம் கழித்துக் கார் கிளம்பியது.

சங்கிலி என்ற பியூன் பின்கதவைத் திறந்தார். வெளிச்சம் கண்ணில் குத்தியது. நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

வாசற்படிக்குக் கீழே அவள் செருப்புகள் இருந்தன. வார் அறுந்து ஊக்கு மாட்டிய செருப்புகள். இறங்கியதும் கால் நுழைக்கத் தோதாக, வெளியே பார்த்து, ஜோடியாக.

காலையில் வழக்கம்போல் அவற்றை முன்வாசலில் கழற்றிவிட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது. குழுவும் அந்த வாசலில்தான் கழற்றியிருக்கும். பொம்பளைச் செருப்பு வெளியே கிடந்தது. உள்ளே ஒரு பெண்கூட இல்லை.

கொண்டுவந்து வைத்ததற்குச் சங்கிலியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“நான் வைக்கல ஆனிம்மா. அந்த டெல்லிப் பெரியவருதான் ரெண்டையும் கையில தூக்கிட்டுச் சுத்தி வந்தாரு. வாங்கப் போனேன், குடுக்கல. வச்சிட்டு, இந்தக் கதவையே பாத்துக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போறாரு.”

அடுத்த ஆண்டே தனித் துறை வந்தது. எதைக் கேட்டாலும் தமிழில் பதில் சொன்ன இயந்திரம் அதன் முதல் சாதனையாக, முத்திருளன் பெயரோடு, கூடத்துச் சுவரில் ஏறியது. முத்திருளன் வேறோர் ஊரில் துணைவேந்தராகி, அங்கேயே இறந்தார். சங்கிலி ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். பெரியவரின் முகத்தை ஆனிமேரி முதன்முதலாகப் பார்த்தது, அவர் இறந்த செய்தியோடு வந்த படத்தில்.

அவள் வேலை நிரந்தரமானது. இடம் போதவில்லை என்று காகித அறையையே அவளுக்கு ஒதுக்கினார்கள். ஓய்வு பெறும்வரை அதில்தான் இருந்தாள்.