பூரணியின் குரல்

புதிய தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டவர்கள், அதில் யாருடைய குரல் பதிவாகியிருக்கிறதோ அவர் வந்து கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார்கள். பூரணி வீட்டில் கணவர் தணிகாசலம், மாமனார், மகன் முகில் மூவருக்கும் அவள் குரலைத்தான் பதிந்திருந்தார்கள். தினமும் காலையில் "ஏங்க", "மாமா", "டேய் முகிலு" என்று கட்டில் கட்டிலாகப் போய்க் கூப்பிடுவாள்.

அவளுக்குத்தான் தூக்கமே வரவில்லை. கணவரோடு டாக்டரிடம் வந்திருந்தாள்.

"உங்களை எழுப்ப யார் குரலைப் பதியலாம்மா?"

பூரணி யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் எழுந்திருக்கிற ஆள் வீட்டில் ஒருவருமில்லை.

"எதுவுமே பதியலைன்னா?"

"பத்து மணி நேரம் கழிச்சு நீங்களா முழிச்சுப்பீங்க."

"அப்ப அப்படியே குடுங்க டாக்டர்."

தணிகாசலம் பதறிப்போனார். "நீ தூங்கிட்டா எங்களை யாரு எழுப்பறது?"

பூரணி மேஜை மேலிருந்த மைக்கை அவர் பக்கம் தள்ளினாள்.

"மாமாவுக்கும் முகிலுக்கும் இனிமே உங்க குரல். கூப்பிடுங்க, பதியட்டும்."

"அப்ப என்னை?"

"நீங்க மாத்திரை இல்லாம படுங்க. நான் இத்தனை வருஷமா அப்படித்தானே படுக்கறேன்?"

சொல்லிவிட்டு, டாக்டரிடம் கையை நீட்டினாள்.